கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்: மேடை நடிப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எனக்கு 27 வயது. கோவையில் ஐ.டி. வேலை. ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் சிறு வேடங்கள் செய்து வந்தேன். இப்போது பெரிய வேடம் கிடைத்திருக்கிறது. ஒத்திகையில் “பின்னாடி கேட்கலை” என்கிறார்கள். கத்திப் பேசினால் தொண்டை கட்டிக்கொள்கிறது. இயக்குநர் “ஃபீல் பண்ணி நடி” என்கிறார், எப்படி என்று தெரியவில்லை. கைகளை என்ன செய்வது என்பதும் பிரச்சினை. வேலையை விட்டுவிட்டு நடிப்புப் பள்ளிக்குப் போக முடியாது. நானே என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: முதலில் கத்துவதை நிறுத்துங்கள். கத்தும்போது தொண்டைத் தசைகள் இறுகி, குரல் நாண்கள் ஒன்றோடொன்று பலமாக மோதுகின்றன. தொண்டை கட்டுவது அதனால்தான். சத்தத்துக்கான பலம் மூச்சிலிருந்து வர வேண்டும். தரையில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் கையை வையுங்கள். மூச்சை இழுக்கும்போது கை உயர வேண்டும், தோள் அசையக் கூடாது. வெளியே விடும்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரே சீராக விடுங்கள். அது நடுங்காமல் வரத் தொடங்கியதும் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகுங்கள். உதட்டிலும் மூக்கின் மேலும் அதிர்வு தெரிந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். அப்புறம் எழுந்து நின்று, அதே மூச்சில் வசனம்.

“கேட்கலை” என்ற புகாரில் பாதி, சத்தம் குறைவு என்பதால் வருவதில்லை. தமிழில் வாக்கியத்தின் கடைசியில்தான் வினை வருகிறது. நடந்ததா நடக்கவில்லையா, வருவாரா வரமாட்டாரா என்பதெல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில் இருக்கிறது. நம் மூச்சும் சரியாக அங்கேதான் தீர்ந்துபோகிறது. “அப்பா கையெழுத்துப் போட்டுத் தர்றேன்னு சொல்லிட்டு போடவே இல்லை” என்ற வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘அப்பா கையெழுத்து’ வரை கணீரென்று வரும், ‘போடவே இல்லை’ வாய்க்குள்ளேயே போய்விடும். கதையின் திருப்பமே அதில் இருந்தால் என்ன ஆவது? இதற்கு நான் சொல்லும் பயிற்சி, வசனத்தைப் பின்னாலிருந்து கட்டுவது. முதலில் ‘போடவே இல்லை’ மட்டும், முழு மூச்சில். பிறகு ‘சொல்லிட்டு போடவே இல்லை’. இப்படி ஒவ்வொரு சொல்லாக முன்னால் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒத்திகைக் கூடத்தின் கடைசியில் ஒரு நண்பரை உட்கார வைத்து, கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எந்தச் சொல்லில் தடுமாறுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். மைக் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். தெளிவில்லாத பேச்சை மைக் பெரிதாக்குமே தவிரத் திருத்தாது.

“ஃபீல் பண்ணு” என்பது இயக்குநர் எதிர்பார்க்கும் விளைவு. அதை அடையும் வழி அந்தச் சொல்லில் இல்லை. சோகத்தை வரவழைக்க மேடையில் முயற்சி செய்தால் முகம்தான் கோணும். 1898-இல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்தனிஸ்லாவ்ஸ்கி, வாழ்நாளின் பிற்பகுதியில் செயல்களின் வழியாக உணர்வை எட்டும் முறைக்குத்தான் அழுத்தம் கொடுத்தார். அவர் வழியில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: இந்த நேரத்தில் இந்தப் பாத்திரம் எதிரில் இருப்பவரை என்ன செய்யப் பார்க்கிறது?

சண்டை போட்டுவிட்டுப் போன மகன் ராத்திரி வீடு திரும்புகிறான். அப்பா “சாப்பிட்டியா?” என்று கேட்கிறார். அவனைச் சமாதானப்படுத்தக் கேட்கலாம். குடித்திருக்கிறானா என்று வேவு பார்க்கக் கேட்கலாம். ‘சோறு மட்டும் இந்த வீட்டிலா’ என்று குத்திக்காட்டவும் கேட்கலாம். ஒவ்வொன்றிலும் குரல், நடை, பார்வை எல்லாம் தானாக மாறும். உங்கள் பிரதியில் ஒவ்வொரு வசனத்தின் ஓரத்திலும் பென்சிலால் இப்படி ஒரு வினைச்சொல் எழுதுங்கள். ‘கோபமாக’, ‘வருத்தத்தோடு’ என்று எழுதாதீர்கள். ‘மிரட்டு’, ‘கெஞ்சு’, ‘தள்ளிப்போடு’ என்று எழுதுங்கள். பலித்ததா என்று எதிரே நிற்பவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். ஆகவே அவர் பேசும்போது உங்கள் அடுத்த வசனத்தை மனசுக்குள் ஓட்டாமல் நிஜமாகவே கேளுங்கள். புதிய நடிகர்கள் எல்லாரிடமும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கைகள் தொந்தரவு செய்வதும் இங்கேதான் தீரும். செய்ய வேலை இல்லாத கைதான் உறுத்தும். அந்த அப்பாவிடம் மடிக்க ஒரு வேட்டியைக் கொடுங்கள். மடித்து முடித்துவிட்டுக் கேட்டால் ஒரு அர்த்தம், பாதி மடிப்பில் நிறுத்திவிட்டுக் கேட்டால் வேறு அர்த்தம். வேலை எதுவும் இல்லாத இடத்தில் கைகளைத் தொங்க விடுங்கள். உங்களுக்குத்தான் கூச்சமாக இருக்கும், பார்ப்பவர்களுக்கு இயல்பாகத் தெரியும். ‘கண்ணீர்’ என்றால் கண்ணைத் தொடுவது, ‘வானம்’ என்றால் மேலே காட்டுவது வேண்டாம்.

வசனத்தை மனப்பாடம் செய்யும்போது ஏற்ற இறக்கம் இல்லாமல் செய்யுங்கள். ராகத்தோடு பாடமானால் பின்னால் மாற்றுவது பெரும்பாடு.

பயிற்சிக்கு தினமும் அரை மணி நேரம் போதும், விட்டுவிடாமல் செய்தால். மூச்சுக்கும் முனகலுக்கும் பத்து நிமிடம், மீதி வசனத்துக்கு. தண்ணீர் நிறையக் குடியுங்கள். தொண்டையை அடிக்கடி கனைக்காதீர்கள். கட்டிக்கொண்ட தொண்டையோடு குசுகுசுவென்று பேசுவதும் ஓய்வு ஆகாது, பேசாமல் இருப்பதுதான் ஓய்வு. கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள்.

முழுநேரப் படிப்பு என்றால் டெல்லி தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டுப் பயிற்சி இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்திலும் நாடகத் துறை உண்டு. ந. முத்துசாமி 1977-இல் சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறையில்தான் பசுபதியும் குரு சோமசுந்தரமும் பயிற்சி பெற்றார்கள். உங்களால் இப்போது போக முடியாது என்பதால் வேறொன்று சொல்கிறேன். சேலம், தருமபுரிப் பக்கம் கோயில் திருவிழாக்களில் நடக்கும் தெருக்கூத்தை ஒரு முழு இரவு உட்கார்ந்து பாருங்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு, ஆடிப் பாடி, விடியும்வரை குரல் உடையாமல் அந்தக் கலைஞர்கள் பேசுவார்கள். முன்வரிசையில் உட்காராதீர்கள். கூட்டத்தின் கடைசிக்குப் போய், எங்கே மூச்சு வாங்குகிறார்கள், வாக்கியத்தின் கடைசிச் சொல்லை எப்படிக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள் என்று கவனியுங்கள். கூத்து முடிந்ததும் அவர்களிடம் போய்ப் பேசுங்கள், கேட்டால் சொல்லித் தருவார்கள்.