காரைப் பாறைக்கு எந்தப் பெயர் போடுவது?

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊர்ப் பக்கம் எடுத்த சாம்பல் நிறப் பாறையை ஒரு கட்டுரை காரை ஷேல் என்கிறது, இன்னொன்று காரைக் களிமண் என்கிறது, வேறொன்று ஊட்டத்தூர் குழுமம் என்கிறது, அறிக்கையில் எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘ஊட்டத்தூர் குழுமம், காரை ஃபார்மேஷன்’ என்று போடுங்கள். ஃபார்மேஷன் என்பது தன்மையால் பிரித்தறியக்கூடிய ஒரு பாறை அடுக்குத் தொகுதி, அப்படிச் சில சேர்ந்தது குழுமம். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று புவியியலாளர் பிளான்ஃபோர்டு 1862-ல் பிரித்த மூன்று குழுமங்களில் அடியில் இருப்பதுதான் ஊட்டத்தூர், அதற்குள் ஒரு பகுதிதான் காரை, ஆகவே இவை முரண்பட்ட பெயர்கள் இல்லை.

ஷேலா இல்லையா என்பது தனிக் கேள்வி. ஷேல் என்றால் படுகைப் போக்கில், அதாவது பாறை அடுக்கின் போக்கில், மெல்லிய தகடுகளாகப் பிரிய வேண்டும். உங்கள் துண்டு கட்டி கட்டியாக உதிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் அது களிப்பாறை. ஆனால் வெயிலிலும் மழையிலும் கிடந்த மேற்பரப்புத் துண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஓடை அரித்த கரையில் கொஞ்சம் உள்ளே தோண்டிப் புதுசாக எடுத்துப் பாருங்கள். துளியூண்டு பல்லில் கடித்தும் பார்க்கலாம், நறநறத்தால் வண்டல் இருக்கிறது, வழவழவென்றால் களிதான். (எங்கள் பேராசிரியர்கள் எல்லாரும் இதைச் செய்வார்கள், சிரிக்க வேண்டாம்.)

அப்புறம் அந்தப் பாறையில் இருக்கும் ஜிப்சம். படுகைகளைக் குறுக்காக வெட்டிப் போகும் நரம்புகள் படிவுக்குப் பிறகு வந்தவை, அதனால் அவற்றை விவரணையில் எழுதுங்கள், ஆனால் கடல் வற்றிப் படிந்தது என்று எழுதிவிடாதீர்கள். பெலம்னைட் (கணவாய் இனத்தைச் சேர்ந்த, அழிந்துபோன கடல் உயிரின் புதைபடிவம்) கிடைத்திருந்தால் எந்த மட்டத்தில் கிடைத்தது என்று குறித்து வையுங்கள், வயது சொல்ல உதவும். ஆனால் ஃபார்மேஷன் பெயர் பாறையின் தன்மையை வைத்துத்தான், வயதை வைத்து அல்ல.