சயாம்–பர்மா ரயில் பாலங்கள்: நண்பர்கள் கேட்டவை

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போர்க்கைதிகளையும் கூலியாட்களையும் வைத்துப் போட்டது சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை. அதில் பர்மாவின் தன்பியூசயாத்திலிருந்து எல்லையிலுள்ள மூன்று பகோடா கணவாய் வரை ஓடிய பகுதி பற்றி, பர்மாவின் மௌல்மேன் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

ஐயா, தன்பியூசயாத் போயிருந்தோம். படங்களில் வரும் பெரிய இரும்புப் பாலத்தைக் காணோமே?

அது நம் பக்கமே இல்லை தம்பி, தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இருக்கிறது. ஜாவாவில் கழற்றிக் கொண்டுவந்த இரும்பில் கட்டினார்கள். பாலத்தில் மேல்பகுதி வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை. நேராக இருக்கும் இரண்டும் 1945இல் குண்டு விழுந்த இடத்தில் போருக்குப் பிறகு வைத்தவை. மொத்தப் பாதை 415 கி.மீ. அதில் பர்மாவுக்குள் ஓடியது ஏறக்குறைய 111.

அறுநூறுக்கு மேல் பாலமாம். ஒன்றரை வருடத்துக்குள் எப்படி முடித்தார்கள்?

பெரும்பாலும் மரம்தான், அதனால்தான் முடிந்தது. காட்டில் வெட்டிய மரத்தை யானையும் ஆளும் இழுத்துவந்து பக்கத்திலேயே நட்டார்கள். கனத்த கட்டையைக் கயிற்றில் மேலே இழுத்து விடுவார்கள். அது விழுந்து விழுந்து மரத்தூணைத் தரையில் இறக்கும். இழுத்தது மனிதக் கைகள். 1943 அக்டோபர் 17 அன்று இருபக்கத் தண்டவாளமும் சேர்ந்துவிட்டன. ஆனால் பச்சை மரம் அல்லவா? மழையில் ஊறும், வளையும், உளுத்துப்போகும். ஓயாமல் பழுது பார்க்க வேண்டியிருந்தது. அவசரத்துக்குக் கட்டிய பாலம், நிலைக்கக் கட்டியதல்ல.

வெள்ளைக்காரர்கள் ஏன் இந்தப் பாதையைப் போடவில்லை?

அளந்து பார்த்தார்கள். மலை, காடு, மழை, எண்ணற்ற ஓடைகள். கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டார்கள். ஜப்பானியருக்கு வேறு வழியில்லை; ரங்கூனுக்கு வரும் அவர்கள் கப்பல்களை எதிரி நீர்மூழ்கிகள் மடக்கின.

இப்போது என்னதான் மிச்சம்?

நம் பக்கத்துப் பாதை போருக்குப் பின் கைவிடப்பட்டது. மரப் பாலங்களைக் காடு விட்டுவைக்குமா! தன்பியூசயாத்தில் அருங்காட்சியகமும் போர்க் கல்லறையும் உண்டு.

என் பாட்டியின் அண்ணன் மலாயாத் தோட்டத்திலிருந்து இந்தப் பாதை வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. அந்தக் கல்லறையில் பெயர் இருக்குமா?

இருக்காது அம்மா. அங்கே இருப்பவை காமன்வெல்த் (பிரிட்டன், ஆஸ்திரேலியா முதலிய நாடுகள்) தரப்பினரின் 3,149 கல்லறைகளும் டச்சுக்காரரின் 621 கல்லறைகளும். கூலியாட்களுக்கு ஒழுங்கான பதிவே வைக்கவில்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூட்டம் கூட்டமாகப் புதைத்தார்கள், எரித்தார்கள். இன்னொன்று, மலாயா ஆட்களில் பெரும்பாலோரைத் தாய்லாந்து வழியாகத்தான் கொண்டுபோனார்கள். அதனால் தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார் என்பதை முதலில் மலேசிய உறவினர்களிடம் கேளுங்கள். கூடப் போய்த் திரும்பியவர் யாராவது அந்தத் தோட்டத்தில் இருந்திருந்தால், அவர் வீட்டில் ஏதாவது தெரிந்திருக்கும்.