சுவாமிமலைப் படியும் கேழ்வரகுக் கஞ்சியும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 65. சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு வருடத்துக்கு முன் சுவாமிமலைக்குப் போயிருந்தேன். படிக்கு ஒரு தமிழ் வருஷம் என்று 60 படி. பிரபவயிலிருந்து எண்ணினால் நான் பிறந்த சார்வரி 34ஆவது. அதில் உட்கார்ந்தவள்தான், மேலே போக முடியவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர்கள் தாண்டிப் போனார்கள். வெட்கமாக இருந்தது.

மறுவாரமே நடக்க ஆரம்பித்தேன். விடிகாலை ஐந்து மணிக்கு, வெறும் வயிற்றில், மகாமகக் குளத்தைச் சுற்றி ஒரு மணி நேரம். சோற்றைக் குறைத்தேன். காலையில் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி, மதியம் ஒரு கரண்டி சாதம், காய், மோர். இரவில் இரண்டு இட்லி அல்லது ஒரு கொய்யாப்பழம். நான் சுத்த சைவம், முட்டையும் கிடையாது. 64 கிலோ இருந்தவள் இப்போது 51. மூன்று மாதச் சர்க்கரை 8.9 இருந்தது 6.5 ஆகிவிட்டது. போன தையில் சுவாமிமலையில் எங்கும் உட்காராமல் ஏறினேன். ஒரே ஒரு நாள் மட்டும் குளக்கரையில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது, கொஞ்சம் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது.

அக்கம்பக்கத்தில் “என்ன டீச்சர், இப்படி இளைச்சிட்டீங்க” என்கிறார்கள். சென்னையில் இருக்கும் மகன், “இருட்டுல போய் எங்கயாவது விழுந்து தொலைக்காதம்மா” என்கிறான். அவனுக்கு 39 வயது, அவனுக்கே சர்க்கரை பார்டரில் இருக்கிறது. மகள் வாங்கிக் கொடுத்த வாட்ச் தினமும் பத்தாயிரம் அடி கேட்கிறது, எனக்கு ஆறாயிரம்தான் வருகிறது. இந்த வயதில் உடம்பு நிஜமாகவே திரும்பி வருமா, இல்லை, நான்தான் அப்படி நினைத்துக்கொள்கிறேனா? மெட்ஃபார்மினையும் கிளிமிபிரைடையும் நிறுத்திவிடலாமா? நடக்க எந்த மாதிரிச் செருப்பு நல்லது?

இப்படிக்கு,
கும்பகோணம் வாசகி

*

அன்புள்ள டீச்சர்,

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். குளக்கரையில் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது என்கிறீர்களே, அதை அசதி என்று விட்டுவிடாதீர்கள். அது சர்க்கரை தாழ்ந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நான் மருத்துவன் இல்லை. ஆனால் சர்க்கரைக்காரர்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தவன், அந்த நடுக்கத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கிற மாத்திரை. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. முந்தின இரவு ஒரு கொய்யாப்பழம், விடிந்ததும் வெறும் வயிறு, அதோடு ஒரு மணி நேர நடை என்றால் சர்க்கரை எங்கிருந்து வரும்? இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த மாத்திரையின் அளவை மருத்துவர் எழுதிக் கொடுத்தபோது நீங்கள் 64 கிலோ, மூன்று மாதச் சர்க்கரை 8.9. இன்று 51 கிலோ உடம்பு அதே அளவை விழுங்கிக்கொண்டிருக்கிறது என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. ஆகவே, மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இந்த வாரமே மருத்துவரிடம் போய் எடை குறைந்ததையும் நடுக்கம் வந்ததையும் சொல்லுங்கள். கிளிமிபிரைடைக் குறைக்கவோ எடுத்துவிடவோ அவருக்கே தோன்றலாம். வயதானவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை 7, 7.5க்குள் இருந்தாலே போதும் என்பதுதான் பெரும்பாலான மருத்துவர்களின் நிலை. 6.5க்காக மயங்கி விழ வேண்டிய அவசியம் இல்லை.

அதுவரை வெறும் வயிற்றில் நடக்காதீர்கள். புடவைத் தலைப்பில் சில்லறை முடிந்துகொள்ளும் வழக்கம் உங்களுக்கு இருந்தால், கூடவே மூன்று ஸ்பூன் சர்க்கரையையும் ஒரு பொட்டலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் வந்தால் அதை வாயில் போட்டுக்கொண்டு கால்மணி நேரம் உட்கார வேண்டும். சரியாகாவிட்டால் இன்னொரு முறை. சமாளித்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று எழுந்து நடப்பதுதான் ஆபத்து.

மெட்ஃபார்மின் வேறு ரகம். தனியாக எடுத்தால் பெரும்பாலும் இப்படிச் சர்க்கரையைத் தாழ்த்தாது. ஆனால் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறைவதுண்டு. முட்டைகூடத் தொடாத சைவம் என்கிறீர்கள், அதனால் அந்தப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். மாத்திரையே இல்லாத நிலை வருமா என்றால், 2017இல் பிரிட்டனில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் எடையைக் குறைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. ஆனால் அதில் சேர்க்கப்பட்ட எல்லோரும் சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள். உங்களுக்கு ஒன்பது. மாத்திரை குறைய வழி இருக்கிறது, அடியோடு போய்விடும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

இனி நீங்கள் கேட்ட பெரிய கேள்வி. வரும், டீச்சர். நிஜமாகவே திரும்பி வரும். 1990இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரை எட்டு வாரம் எடை தூக்கவைத்தார்கள். கைக்கு அல்ல, தொடைக்கு. நடுவில் ஒருவர் நின்றுவிட்டார். முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. அவர்களில் இரண்டு பேர் கைத்தடியை ஓரம் வைத்தார்கள். தொண்ணூறு வயதுத் தசைக்கே அது முடியுமென்றால் 65 ஒன்றும் பெரிய வயசில்லை.

சார்வரிப் படியில் உங்களை உட்காரவைத்தது நெஞ்சும் மூச்சும் மட்டுமல்ல, தொடையும்தான். முப்பது வருஷம் நின்று பாடம் நடத்திவிட்டு, ஓய்வுக்குப் பிறகு நாற்காலியில் உட்கார்ந்ததில் கரைந்துபோன தசை அது. நாம் எல்லோரும் நெஞ்சைப் பற்றிக் கவலைப்படுகிறோம், எடையைப் பற்றிக் கவலைப்படுகிறோம், தொடையை யாரும் நினைப்பதில்லை. சாப்பாட்டிலிருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்கிற இடம் தசை. நடக்கும்போது வேலை செய்கிற கால் தசை இன்சுலின் இல்லாமலேகூடச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். அந்தத் தசை குறையக் குறைய சர்க்கரைக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது.

அதனால்தான் உங்கள் நடையைப் பாராட்டுகிற அதே மூச்சில் உங்கள் தட்டைப் பற்றிக் குறைசொல்ல வேண்டியிருக்கிறது. எழுதியிருப்பதை வைத்து எப்படிக் கூட்டினாலும் உங்களுக்கு ஒரு நாளைக்குக் கிடைக்கும் புரதம் 25 கிராமைத் தாண்டவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்லும் அளவு கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது உங்களுக்கு 42. வயதானவர்களுக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்கிற வல்லுநர்களும் இருக்கிறார்கள். கரைந்த 13 கிலோவில் கொழுப்போடு கொஞ்சம் தசையும் போயிருக்கும். அக்கம்பக்கத்தார் இளைச்சிட்டீங்க என்பதை வெறும் கண்ணேறு என்று தள்ளிவிடாதீர்கள், அவர்கள் கன்னத்தைப் பார்த்துச் சொல்கிறார்கள். இதற்கு மேல் எடை குறைய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

கேழ்வரகுக் கஞ்சி மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசில்லை, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம், கேழ்வரகில் 67. புரதம் இரண்டிலும் ஏழெட்டு கிராம்தான். கேழ்வரகில் கால்சியம் 350 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, நார்ச்சத்தும் கூடுதல், அந்த வகையில் நல்ல தானியம். ஆனால் நைசாக அரைத்துக் கரைத்துக் காய்ச்சிக் குடித்தால் மெல்லுகிற வேலையே இல்லாமல் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். சிறுதானியம் என்று பெயர் போட்டு இப்போது பிஸ்கட்டிலிருந்து நூடுல்ஸ் வரை விற்கிறார்கள். அதைத் தின்றுவிட்டுச் சோற்றைத் திட்டுகிற கூட்டத்தில் நீங்கள் சேர வேண்டாம்.

சோறு மட்டுமே குற்றவாளி இல்லை என்பது நம் ஊரிலேயே தெரியவந்த பழைய சங்கதி. 1920களில் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சப்பாத்தி, பருப்பு, பால், நெய், பச்சைக் காய்கறி கொண்ட சீக்கியர் சாப்பாட்டில் வளர்ந்த எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசியே பிரதானமாக இருந்த மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி வரிசையில் நின்றன. அரிசியைத் தீட்டித் தவிட்டை எறிந்ததோடு, அதற்குத் துணையாகப் பருப்பும் பாலும் கீரையும் போதாமல் போனதுதான் அங்கே கோளாறு. அந்தக் குன்னூர் ஆய்வகம்தான் 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

உங்கள் தட்டில் என்ன மாற்றலாம்? கஞ்சியை வாரத்தில் இரண்டு நாளாக்கிவிட்டு மற்ற நாளில் பாசிப்பயறு அடையோ பெசரட்டோ வார்த்துக்கொள்ளுங்கள். மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ஊறவைப்பதற்கு முன் 50 கிராம் எடுத்தீர்களென்றால் ஒன்பது பத்து கிராம் புரதம் அதிலேயே வந்துவிடும். மதியம் மோருக்குப் பதில் கெட்டித் தயிர். சாம்பாரில் மேலாகத் தெளிந்து நிற்பதைக் கரண்டியில் அள்ளாமல் அடியிலிருக்கும் பருப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். சொல்லப்போனால் நம் வீட்டுப் பெண்களுக்கு இதுதான் கஷ்டம். வந்தவர்களுக்கெல்லாம் அடியில் கலக்கி ஊற்றிவிட்டு, தங்களுக்கு மிச்சத் தெளிவை வைத்துக்கொள்வார்கள். என் அம்மா கடைசிவரை அப்படித்தான். மூன்று மணிக்கு அடுப்படியில் உட்கார்ந்து, பாத்திரத்தை வழித்துச் சாப்பிட்டு, வீணாகக் கூடாது என்று ஆறிய சோற்றையும் சேர்த்துத் தின்பாள். இப்போது தனியாக இருக்கிறீர்களோ குடும்பத்தோடு இருக்கிறீர்களோ தெரியவில்லை. எப்படி இருந்தாலும் ஒரு மணிக்கு உட்கார்ந்து சாப்பிடுங்கள், முதல் பந்தியில். இரவு வெறும் கொய்யாப்பழம் கூடவே கூடாது. ஒன்று மட்டும் கவனம்: சிறுநீரகத்தில் பாதிப்பு ஏதாவது இருந்தால் புரதத்தை இஷ்டத்துக்குக் கூட்டக் கூடாது. கிரியாட்டினின் அளவைக் காட்டி மருத்துவரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

வாட்ச் கேட்கும் பத்தாயிரத்தை மறந்துவிடுங்கள். 1965இல் ஜப்பானில் ஒரு நிறுவனம் அடி எண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த பெயரில் வந்த எண் அது, எந்த ஆராய்ச்சியும் சொன்னதில்லை. 2019இல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள 16,741 பெண்களிடம் செய்த ஆய்வு வெளியானது. நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால் 4,400 நடந்தவர்களிடம் இறப்பு 41 சதவீதம் குறைவு. 7,500க்கு மேல் நடந்தவர்களுக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் ஆறாயிரம் தாராளம். அதைக் கூட்டுவதைவிடப் பிரிப்பது நல்லது. காலையில் முக்கால் மணி, இரவு சாப்பிட்டு முடித்ததும் மொட்டை மாடியிலோ கூடத்திலோ கால்மணி. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சர்க்கரை ஏறுவதைத் தடுக்க அந்தக் கால்மணி நேரம் அவ்வளவு உதவும். எங்கள் பூங்காவில் ஒரு குழு இருக்கிறது, விடிகாலையில் விறுவிறுவென்று நடந்துவிட்டு நேரே வாசல் கடைக்குப் போய் ஆளுக்கு இரண்டு மெதுவடை சாப்பிடும். அவர்கள் வாட்ச்சிலும் பத்தாயிரம் காட்டுகிறது.

மகனுக்கு என்ன பதில் சொல்வது? வயதானவர்கள் விழுவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று கால் வலுவிழப்பு, வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது சீக்கிரம் வரும். இருட்டு பற்றி அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆறு மணிக்கு மேல் வெளிச்சத்தில் போங்கள், நாய்த் தொல்லையும் குறைவு. படியை விடாதீர்கள். 1953இல் ஜெர்ரி மோரிஸ் என்பவர் லண்டன் மாடிப் பேருந்துகளை வைத்துச் செய்த ஆய்வு புகழ்பெற்றது. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய ஓட்டுநர்களைவிட, தினமும் 500லிருந்து 750 படி ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. (மோரிஸ் 99 வயது வரை இருந்தார்.) வீட்டு மாடிப்படி போதும், கைப்பிடியைப் பிடித்து ஏறுங்கள். மூட்டுக்குச் சுமை இறங்கும்போதுதான் அதிகம், அதை நிதானமாகச் செய்யுங்கள். அதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காருவதைத் தினமும் பத்து முறை.

பார்டரில் இருக்கிற மகனையும் நடக்கச் சொல்லுங்கள். டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு சென்னையில் உங்கள் மகனைப் போலப் பார்டரில் இருந்த 531 பேரை வைத்து ஆராய்ந்து 2006இல் வெளியிட்டது. நடையும் உணவுமாக மாறியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் கொடுத்தவர்களுக்குக் கிடைத்ததும் ஏறக்குறைய அதே அளவுதான்.

செருப்பு வேண்டாம், ஷூ வாங்குங்கள். சாயங்காலத்தில், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் போய், சாக்ஸோடு போட்டுப் பார்த்து, கட்டைவிரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்கிற மாதிரி. பிரதட்சிணமாக இருந்தாலும் வெறுங்காலோடு வெயில் கல்லில் நடக்காதீர்கள், ஒன்பது வருஷச் சர்க்கரையில் சூடு தெரியாமல் பாதம் பொத்துப்போன ஆட்கள் உண்டு. இரவில் படுக்கும் முன் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். குனிந்து பார்க்க முடியவில்லை என்றால் ஒரு கைக்கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொண்டால் தெரியும்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்.