கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சொந்த வேலையையும் ஆசைகளையும் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: நான்கு மாதக் கைக்குழந்தை, வீட்டிலிருந்தே குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரையும் தொழில், பதிப்பகம் ஒன்று மூன்று மாதத்தில் ஒரு படக்கதைப் புத்தகம் கேட்கிறது. ஒப்புக்கொள்ளலாமா? மற்ற அம்மாக்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

நானும் அதே தொழில்தான். ஊர் மதுரை. மகளுக்கு இப்போது இரண்டே முக்கால் வயது. எல்லாரும் சொல்லும் அந்த ‘பேலன்ஸ்’ எனக்கு ஒருநாளும் கைகூடவில்லை. நான் செய்தது வேறு. வரையும் முறையையே மாற்றிக்கொண்டேன்.

கர்ப்பமாக இருந்தபோது, பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும் என்று படித்தேன். அடடா, அத்தனை மணி நேரம் நமக்குத்தானே என்று மனக்கணக்கு போட்டுவைத்தேன். கணக்கில் தப்பில்லை, குழந்தை அவ்வளவு நேரம் தூங்கத்தான் செய்தது. ஆனால் ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை பால் குடிக்க எழும். நடுவே கிடைக்கும் தூக்கம் இருபது நிமிடமா, இரண்டு மணி நேரமா என்று யாருக்கும் தெரியாது. நேரம் இருந்தது. அது எப்போது முடியும் என்பதுதான் தெரியவில்லை.

வாட்டர் கலரில் வேலை செய்கிறவர்களுக்கு இது என்ன வேதனை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு வானம் அடிக்க வேண்டுமென்றால் தாளை நனைத்து, ஈரம் காய்வதற்குள் மேலிருந்து கீழே ஒரே மூச்சில் நிறத்தை இறக்க வேண்டும். மதுரை வெயிலில், ஃபேனும் ஓடினால், கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். நடுவில் எழுந்து போனால் நிறம் நின்ற இடத்தில் ஓரம் கட்டிக் காய்ந்துவிடும். கண்மாயில் தண்ணீர் வற்றின பிறகு கரையில் தெரியுமே, அந்த மாதிரி ஒரு கோடு. மேலே எவ்வளவு நிறம் பூசினாலும் மறையாது. நான்காவது மாதத்தில் என் மேஜைக்குக் கீழே இப்படிக் கோடு விழுந்த வானங்கள் ஏழு கிடந்தன. ஒவ்வொன்றும் நல்ல கெட்டியான, விலை கூடின 300 ஜிஎஸ்எம் தாள். தாள் விலையை நினைத்து அழுதேனா, தூக்கம் இல்லாமல் அழுதேனா, ஞாபகமில்லை.

எட்டாவது தாளை நனைக்கவில்லை. மெல்லிய நுனி உள்ள 0.1 பேனாவை எடுத்து ஒரு வேப்பமரத்தின் பட்டையைக் கோடு கோடாகப் போட ஆரம்பித்தேன். நாற்பதாவது கோட்டில் குழந்தை அழுதால் பேனாவை மூடிவிட்டுப் போகலாம். ராத்திரி பதினொரு மணிக்கு வந்து நாற்பத்தொன்றாவது கோட்டைப் போட்டாலும் மரத்துக்குத் தெரியாது. எழுந்து போகும்முன் அடுத்த கோடு எங்கே என்று பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்துவிடுவேன். வந்து உட்கார்ந்ததும் “எங்க விட்டோம்” என்று யோசிப்பதிலேயே கால் மணி நேரம் போய்விடும், அதை மிச்சப்படுத்தத்தான் அந்தப் புள்ளி.

இன்னொரு காரணமும் இருந்தது. கேட்மியம், கோபால்ட் மாதிரி உடம்புக்கு ஆகாத உலோகங்கள் கலந்த நிறங்கள் என் டப்பாவில் இருந்தன, பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் கெட்ட பழக்கமும் எனக்கு உண்டு. பால் கொடுக்கும் காலத்தில் அது வேண்டாம் என்று டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஒரு வேடிக்கை. சின்னக் குழந்தைக்கு முதல் மாதங்களில் ஓரடி தூரத்துக்குள் இருப்பதுதான் தெளிவாகத் தெரியும், அதிலும் கறுப்பு வெள்ளையை விரும்பிப் பார்க்கும். வீணான பேனாப் படங்களைத் தூளிக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தேன். மகள் கண் சிமிட்டாமல் பார்த்தாள். என் முதல் ரசிகை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார், “ஃபேனையுந்தான் அப்படிப் பார்க்குறா.”

முதல் மூன்று மாதம் எந்த வேலையும் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு அது தாண்டிவிட்டது, சரி, இதைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்காகச் சொல்கிறேன். பிரசவத்துக்கு முன்பே முடித்திருக்க வேண்டிய ஓர் அட்டைப்படம் பாக்கி இருந்தது. இருபத்துநாலாம் நாள், அம்மா “பச்சை உடம்புக்காரி கண்ணுக்கு வேலை கொடுக்காத” என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் ஐந்து மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். குழந்தையும் அன்று பார்த்து நன்றாகத் தூங்கினாள். சாயங்காலம் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிட்டது, ராத்திரி 102 டிகிரி காய்ச்சல். அட்டைப்படம் நன்றாகத்தான் வந்தது. அந்தப் புத்தகத்தைக் கடையில் பார்த்தால் இப்போதும் எனக்கு நெறி கட்டுகிற மாதிரி இருக்கும்.

பிரசவமான முதல் நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலோருக்கு நடப்பதுதான். அது இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை என்றால், குழந்தையைப் பார்த்தாலே எரிச்சலோ பயமோ வந்தால், “எல்லாருக்கும் இருக்கிறதுதான்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், டாக்டரிடம் போங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416. காசு கிடையாது, தமிழில் பேசலாம். அந்த நிலையில் இருக்கும்போது படம் வரைவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

சரி, ஆட்கள் விஷயத்துக்கு வருவோம். எனக்கு வாய்த்த பெரிய உதவி, குளிப்பாட்ட வந்த பாட்டி. காலை ஒன்பதரைக்கு வருவார், காலை நீட்டி உட்கார்ந்து குழந்தையைக் கால்மேல் போட்டுக்கொள்வார், கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். குளித்துப் பால் குடித்துவிட்டு மகள் தூங்கும் தூக்கம் இருக்கிறதே, அந்த நாளிலேயே நம்பக்கூடிய ஒரே தூக்கம் அதுதான். குறைந்தது ஒன்றரை மணி நேரம். பாட்டி அதற்கு ‘குளிச்ச தூக்கம்’ என்று பெயர் வைத்திருந்தார். துணி மடிப்பது, போனை நோண்டுவது, உறவுக்காரர்களுக்குப் பதில் சொல்வது, எதையும் அந்த நேரத்தில் செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். மூஞ்சி மாதிரி நிதானம் வேண்டிய இடங்களை எல்லாம் குளிச்ச தூக்கத்துக்கு ஒதுக்கினேன். மரப்பட்டை, புல், மீன் செதில் எல்லாம் மற்ற நேரத்துக்கு.

கணவர் நல்லவர். ஆனால் “கொஞ்ச நேரம் வச்சிருக்கேன்” என்பவருக்கும் “நான் பார்த்துக்கிறேன்” என்பவருக்கும் வித்தியாசம் உண்டு. முதலில் சொன்ன ரகமாகத்தான் அவர் இருந்தார். பக்கத்து அறையில் நான் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும். டயப்பர் எங்கே, அழுகிறாள் பசியா, இந்தச் சட்டை போடலாமா. எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன். கடைசியில் சனிக்கிழமைகளில் வீட்டைவிட்டே கிளம்பிவிட்டேன். பாலைப் பீய்ச்சி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, பஸ் பிடித்துப் புதுநத்தம் சாலையில் 2023இல் திறந்தார்களே, கலைஞர் நூற்றாண்டு நூலகம், அங்கே போய் ஒரு மூலை மேஜையில் நோட்டை விரித்துக்கொள்வேன். மூன்று மணி நேரம். முதல் இரண்டு வாரம் போன் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது வாரம் வரவில்லை. டயப்பர் எங்கே இருக்கிறது என்பது அவருக்கே தெரிந்துவிட்டது.

அந்த மூன்றாவது வாரம்தான், குழந்தைகள் பகுதிப் பக்கமாக யாருடைய பிள்ளையோ வீறிட்டது. அழுகை கேட்டால் பால் இறங்கும், யார் பிள்ளை என்று உடம்பு பார்ப்பதில்லை. குர்தா முன்பக்கம் நனைந்துவிட்டது. நோட்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டே பஸ் ஏறினேன். அடுத்த வாரத்திலிருந்து பையில் ஒரு துப்பட்டா கூடுதலாக இருந்தது. போவதை மட்டும் நிறுத்தவில்லை.

பணம். பதிவான நிறுவனங்களில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2017 சட்டத் திருத்தத்திலிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியராக இருந்தால் 12 மாதம். நம்மைப் போல் படத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்களுக்கு அந்த விடுப்பெல்லாம் கிடையாது. அதைவிட மோசம், நம்மேல் அக்கறை என்ற பெயரிலேயே வேலையைப் பிடுங்குவார்கள். எனக்கு எட்டாம் மாதம் ஒரு பதிப்பகத்திலிருந்து போன். “நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க மேடம், அந்த சீரிஸை வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டோம்.” நான் ரெஸ்ட் கேட்கவே இல்லை. அதனால் உங்களிடம் கெடு வைத்துக் கேட்கிற பதிப்பகம் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதையே வருகிறது. கேட்கவாவது செய்கிறார்கள்.

சொந்தப் புத்தகம் ஒன்று, கதையும் நானே, படமும் நானே, என்பது பல வருட ஆசை. அது நகர்ந்தது ராத்திரி மூன்று மணிப் பாலில்தான். இருட்டில், ஒரு கையில் குழந்தை, மறு கையில் போன், கிசுகிசுவென்று வாய்ஸ் டைப்பிங். காலையில் எடுத்துப் பார்த்தால் “தவணை தண்ணீரில் குதித்தது” என்று இருக்கும். நான் சொன்னது தவளை. அந்த மாதம் ஃப்ரிட்ஜுக்கு இஎம்ஐ வேறு கட்டவேண்டியிருந்தது, போனுக்குத் தெரிந்திருக்கும் போல.

இந்த இடத்தில் எல்லாரும் ஓர் உதாரணம் காட்டுவார்கள். கவிஞர் சல்மா வீட்டுக்குள் அடைபட்டுக் கழிப்பறையில் ஒளிந்து கவிதை எழுதினார், உனக்கென்ன என்பார்கள். அவர் பட்ட கஷ்டத்தை நமக்குச் சாட்டையாக எடுப்பது எனக்குப் பிடிக்காது. எனக்குப் பிடித்தது வை.மு. கோதைநாயகி அம்மாள் கதை. 115 நாவல் எழுதியவர், ‘ஜகன்மோகினி’ பத்திரிகை நடத்தியவர், பிள்ளையும் வளர்த்தவர். ஆரம்பத்தில் அவருக்கு எழுதத் தெரியாது. தோழி பட்டம்மாளிடம் சொல்லச் சொல்ல, அவர் எழுதித் தந்தார். மூன்று மணிக்குத் தவணை குதிக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது அந்தப் பட்டம்மாளைத்தான். சாதனைக் கட்டுரைகளில் அவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது.

இனி உங்கள் புத்தகம். மூன்று மாதத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், வேலையையும் விடாதீர்கள். 32 பக்கம் என்றால் முதல் மாதம் தீப்பெட்டி அளவில் எல்லாப் பக்கத்துக்கும் சின்னக் கிறுக்கல்கள், அவ்வளவுதான் என்று சொல்லுங்கள். அதை ஏ4 தாள் ஒன்றில், தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டே செய்யலாம், நான் செய்திருக்கிறேன். அது ஓகே ஆனதும் முன்பணம். அதற்கப்புறம் மாதம் மூன்று விரிபக்கங்கள் (எதிரெதிர் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒன்று) என்று எழுத்தில் வாங்குங்கள். மொத்தம் ஆறேழு மாதம் ஆகும். நான் இப்படிக் கேட்ட மூன்று பேரில் ஒருவர் முடியாது என்றார், ஒருவர் பதிலே போடவில்லை, ஒருவர் சரி என்றார். ஒருவர் போதும், நம் கையில் இருப்பதும் ஒரு ஆள் வேலைக்கான நேரம்தானே. அப்புறம், அட்டைப்படத்தை முதலில் கேட்பார்கள், விளம்பரத்துக்கு என்பார்கள். கொடுக்காதீர்கள். கதாபாத்திரங்கள் உங்கள் கைக்குப் பழகும் முன் வரைந்த அட்டை கடைசியில் தனியாக நிற்கும், திரும்ப வரைய வேண்டிவரும்.

பழைய வேகம் எப்போது வரும் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். போன வாரம் பரணிலிருந்து வாட்டர் கலர் டப்பாவை இறக்கினேன். குழாயில் நீலம் கெட்டியாகிக் கல் மாதிரி ஆகியிருந்தது. பிளேடால் குழாயைக் கீறித் திறந்து தண்ணீர் விட்டால் கரைந்துவிடும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, கதவைச் சாத்தி, தாளை நனைத்து ஒரு வானம் அடிக்க ஆரம்பித்தேன். பாதி இறங்கியிருக்கும், கதவுக்கு வெளியே “அம்மா, கக்கா” என்று சத்தம். அப்பா பக்கத்திலேயேதான் நின்றார், அவர் ஆகாதாம். போய்க் கழுவிவிட்டுத் திரும்பி வந்து பார்த்தேன். வானத்தின் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், கோடு.