கடை வாசலில் அவமானம்: பார்த்தவர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி: கோத்தகிரி பஜாரில் டீக்கடை வைத்திருக்கிறேன். பக்கத்துத் துணிக்கடையில் வேலை பார்க்கும் இருளர் பெண்ணை, துணி மாற்ற வந்த ஒருவர் கடை வாசலிலேயே சாதியைச் சொல்லி, "காட்டுல கிடக்க வேண்டியதெல்லாம் இங்க வந்துடுச்சு" என்று திட்டினார். நாலைந்து பேர் பார்த்தோம். ஒரு தம்பி செல்போனில் வீடியோவும் எடுத்தான். முதலாளி "பேசி முடிச்சுக்கலாம்" என்கிறார். அந்தப் பெண் பயந்துபோய் இருக்கிறார். சம்பந்தமில்லாத நாங்கள் இதில் தலையிடலாமா? இன்னொன்று, என் பெற்றோர் இலங்கையிலிருந்து வந்தவர்கள். என்னையும் "சிலோன்காரன்" என்று ஏளனம் செய்கிறார்கள். அதற்கும் இதே சட்டம்தானா?

பதில்: தாராளமாகத் தலையிடலாம். சம்பந்தமில்லாத நீங்கள் சாட்சி சொன்னால்தான் இந்த வழக்கே நிற்கும்.

இருளர் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் இருப்பவர்கள். எனவே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும். வேண்டுமென்றே இழிவுபடுத்துவது அதன் பிரிவு 3(1)(ஆர்), சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது பிரிவு 3(1)(எஸ்). தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை. ஆனால் இரண்டுக்குமே, சம்பவம் பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில் நடந்திருக்க வேண்டும். நாலு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தால் இந்தப் பிரிவுகள் வராது, உறவினரும் நண்பர்களும் மட்டும் உடனிருந்தால் போதாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் திருச்சி மாவட்ட வழக்கு ஒன்றும், அரசு அலுவலக அறைக்குள் நடந்தது என்ற காரணத்தால் ரத்தானது.

உங்கள் விஷயத்தில் இடம் பஜார், அதில் சிக்கலே இல்லை. சிக்கல் வருவது, பார்த்தவர்கள் ஸ்டேஷனில் "நான் கவனிக்கலை சார்" என்று நழுவும்போதுதான். சாட்சி பழங்குடியினராக இருக்க வேண்டியதில்லை. உறவு இல்லாத பக்கத்துக் கடைக்காரர் சொல்வதற்கு நீதிமன்றத்தில் மதிப்பு கூடத்தான் செய்யும். எதிர்த்தரப்பு "அவர் என்ன சாதி என்றே எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம். சாதியைச் சொல்லித் திட்டியதைக் காதால் கேட்டவர்கள் இருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

புகாரை நீங்களே கொடுக்கலாம். ஆனால் அந்தப் பெண்ணின் சம்மதம் இல்லாமல் ஓடாதீர்கள். வழக்கு நடக்கும் காலமெல்லாம் அதைச் சுமக்கப்போவது அவர்தான். சமூக ஆர்வலர்கள், தொண்டு அமைப்புகள், வழக்கறிஞர்கள் உதவியைப் பெற அவருக்குப் பிரிவு 15ஏ உரிமை தருகிறது. வீடியோவை வாட்ஸ்அப் குழுக்களில் போடவே போடாதீர்கள், அது அவரை இரண்டாவது முறை அவமானப்படுத்துவது. எடுத்த போனையும் அசல் பதிவையும் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். நீதிமன்றத்தில் கொடுக்கும்போது மின்னணுப் பதிவுகளுக்கான, 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும்.

முதற்கட்ட விசாரணை முடிந்துதான் எஃப்.ஐ.ஆர். என்று ஸ்டேஷனில் சொன்னால், வன்கொடுமைச் சட்டத்தின் 2018 திருத்தத்தின்படி அது தேவையில்லை. அப்படியும் மறுத்தால் எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள். புலன்விசாரணையை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் செய்ய வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அரசு தரும் நிவாரணம் 1 லட்சம் ரூபாய்: எஃப்.ஐ.ஆர். போட்டதும் கால் பங்கு, குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும் பாதி, மீதி தண்டனை கிடைத்த பிறகு. சாட்சிகளுக்கும் பயணப்படி உண்டு. வருமானம் எவ்வளவு இருந்தாலும் அவருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார், இலவச சட்ட உதவி எண் 15100க்கு அழைக்கலாம். சாதிச் சான்றிதழ் இல்லையென்றால் குன்னூர் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கட்டும், அதற்காகப் புகாரைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதலாளிக்குத் தெரியாதது ஒன்று: இது சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றம் அல்ல. மன்னிப்பு கேட்பதை யாரும் தடுக்கவில்லை, ஆனால் "வாபஸ் வாங்கு" என்று நெருக்குவது தனித் தொல்லையாக வந்து சேரும்.

அப்புறம் உங்கள் கதை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்து டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகள் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள். உங்களிடம் பட்டியல் சாதிச் சான்றிதழ் இருந்து, சாதியைச் சொல்லித் திட்டினால் மேலே சொன்னது எல்லாம் உங்களுக்கும் பொருந்தும். வெறும் "சிலோன்காரன்" என்பதைத் தண்டிக்க நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது, அது பெரிய குறைதான். அமைதி குலையும்படி வேண்டுமென்றே அவமதித்தால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) பிரிவு 352 வரும். அதில் நீதிமன்ற அனுமதி இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது, எனவே முதலில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது கேட்டு வாங்குங்கள். பிறந்த இடத்தைச் சொல்லிக் கடையிலோ ஹோட்டலிலோ நுழையவிடாமல் தடுத்தால் அரசியலமைப்பின் 15(2) உங்கள் பக்கம் இருக்கிறது. அப்படி ஏதாவது நடந்தால் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள்.