கண்ணில் எதை விடலாம்? வாசகர் கேள்விகளும் கண் மருத்துவரின் பதில்களும்

கண்களை அன்றாடம் காத்துக்கொள்வது எப்படி என்று கேட்டுக் கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல் பகுதிகளிலிருந்து வந்துள்ள கடிதங்களுள் பாதிக்கு மேல், கண்ணுக்குள் எதை விட்டால் நல்லது என்றே கேட்கின்றன. விளக்கெண்ணெய், தாய்ப்பால், பன்னீர், இளநீர், மருந்துக்கடையில் வாய்மொழியாகக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து எனப் பட்டியல் நீள்கிறது. கண் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் உறுப்பு. மருத்துவர் எழுதித் தராத எதையும் அதற்குள் விடாமல் இருப்பதுதான் முதல் நல்ல பழக்கம் என்பதைச் சொல்லிவிட்டுக் கேள்விகளுக்கு வருகிறேன்.

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 34. மதியத்துக்கு மேல் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்துகிறது, எரிகிறது, ஆனால் நீரும் வடிகிறது. இரவில் ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விடச் சொல்கிறார் என் அமுச்சி (பாட்டி). விடலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: எண்ணெய் வேண்டாம். உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் கண் உலர்ச்சியாக இருக்கக்கூடும். உலர்ந்த கண்ணில் எப்படி நீர் வடியும் என்று நீங்கள் கேட்கலாம். கண்ணின் மேல் எப்போதும் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலம் வெறும் தண்ணீர் அன்று. இமை ஓரத்துச் சுரப்பிகள் தரும் மெல்லிய எண்ணெயும் சளி போன்ற ஒரு பொருளும் அதில் கலந்திருப்பதால்தான் அது ஆவியாகாமல் நிற்கிறது. படலம் உடைந்து கண் காய்ந்தவுடன், உறுத்தலைத் தாங்காமல் கண் ஒரேயடியாக நீரைக் கொட்டுகிறது. அந்த நீர் கன்னத்தில் வழிந்துபோகுமே தவிர, கண்ணில் தங்காது.

படலம் உடைவதற்குக் காரணம் உங்கள் வேலையில்தான் இருக்கிறது. சாதாரணமாக நாம் நிமிடத்துக்கு 15 முதல் 20 முறை இமைக்கிறோம். துணியில் ஓட்டையையும் கறையையும் விட்டுப்போன தையலையும் தேடிக்கொண்டிருக்கும்போதும், வீட்டுக்கு வந்து கைப்பேசியில் மூழ்கும்போதும் அந்த எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இமைக்கும் சில தடவைகளிலும் மேல் இமை முழுவதும் வந்து மூடுவதில்லை. ஆகவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள எதையாவது 20 வினாடி பாருங்கள். அந்த வினாடிகளில் நான்கைந்து முறை கண்ணை முழுதாக மூடித் திறங்கள். 20 அடி என்பது உங்கள் கூடத்தின் கடைசியிலுள்ள மேசைதான். அதற்காக எழுந்து போக வேண்டியதில்லை, சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்கவும் தேவையில்லை. மேசை விசிறி முகத்துக்கு நேராக வீசினால் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். இந்த ஒன்றைச் செய்தே பாதித் தொல்லை தீர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரவில், வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைகளின்மேல் ஐந்து பத்து நிமிடம் வைத்திருந்தால் இமைச் சுரப்பிகளில் உறைந்த எண்ணெய் இளகும்.

உங்கள் அமுச்சி சொன்னதில் ஒரு பொறி உண்மை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண் உலர்ச்சிக்கான சில சொட்டு மருந்துகளில் சுத்திகரித்த விளக்கெண்ணெய் சேர்க்கப்படுகிறது. ஆனால் அது கிருமி நீக்கப்பட்டது. செக்கில் ஆட்டிப் பாட்டிலில் ஊற்றி வைத்த எண்ணெய் அப்படிப்பட்டதன்று. இவ்வளவும் செய்து இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பார்வைத்திறனையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். சிறிய அளவு பவர் திருத்தப்படாமல் இருந்தாலும் நுணுக்க வேலையில் கண் சோர்ந்துவிடும்.

கேள்வி: கரும்பும் மக்காச்சோளமும் போட்டிருக்கிறோம். அறுவடைக் காலத்தில் யாராவது ஒருவர் கண்ணில் தோகை பட்டுவிடுகிறது. முன்பு தாய்ப்பால் விடுவார்கள். இப்போது மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விடுகிறோம். இது சரியா? (விவசாயி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: இந்த இதழில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதலாம் என்றிருந்தால் நான் இதைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன், கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு தை மாதத்தில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு விவசாயி வலது கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு வந்தார். "முள்ளுகிள்ளு ஒண்ணும் குத்தலைங்க, சோகைதான் லேசா இழுத்துச்சுங்க" என்றார். இழுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. எட்டு நாளாகச் சொட்டு மருந்து விட்டிருந்தார். முதல் இரண்டு நாள் சிவப்பு வடிந்து நன்றாக இருந்ததாம். உருப்பெருக்கிக் கருவியில் பார்த்தபோது கருவிழியின் நடுவே சாம்பல் கலந்த வெள்ளைப் புள்ளி ஒன்று, விளிம்பு இறகுபோல் பிசிறு பிசிறாகத் தெரிந்தது. அதைச் சுற்றி இன்னும் இரண்டு சிறு புள்ளிகள். சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் பூஞ்சை இழைகள். சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்து நீட்டிய மருந்துப் புட்டியில் டெக்ஸாமெதசோன் என்று அச்சிட்டிருந்தது. அது ஸ்டீராய்டு.

நடந்தது இதுதான். கருவிழியின் நடுப்பகுதி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். அதன் மேற்தோல் கீறப்படாதவரை பூஞ்சை எளிதில் உள்ளே போக முடியாது. தோகையும் சோளத்தட்டும் தென்னை ஓலையும் நெற்கதிரும் கீறலையும் ஏற்படுத்தி, தம் மேல் ஒட்டியிருக்கும் பூஞ்சை வித்துகளையும் அந்தக் கீறலிலேயே விதைத்துவிடுகின்றன. பாக்டீரியாப் புண் ஓரிரு நாளில் வலியால் ஆளை எழுப்பிவிடும். பூஞ்சை மெதுவாக வளர்வதால் முதல் வாரம் பெரிய தொல்லை தெரியாமலே போகலாம். அந்த நேரத்தில் ஸ்டீராய்டு சொட்டு மருந்தை விட்டால் சிவப்பும் வலியும் அடங்குகின்றன, ஏனெனில் அம்மருந்து அடக்குவது உடலின் எதிர்ப்பைத்தான். காவல்காரனைத் தூங்க வைத்த வீட்டில் திருடன் புகுந்ததுபோல் பூஞ்சை தழைக்கிறது. அந்த விவசாயிக்குப் பூஞ்சைக்கு எதிரான மருந்தை முதலில் மணிக்கொரு தரம் இரவு பகலாக விட்டோம். ஆறு வாரத்துக்கு மேல் ஆயிற்று. கண் தப்பியது. ஆனால் ஊரில் சொல்வதுபோல் கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தத் தழும்பின் ஊடாக அவரால் விரல்களை எண்ண மட்டுமே முடிந்தது.

எனவே தோகை பட்டால் கசக்காதீர்கள். சுத்தமான குடிநீரால் கண்ணைக் கழுவுங்கள். உறுத்தல் சற்று இருந்தாலும் அன்றே, அல்லது மறுநாளாவது, கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்டு முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். கண்ணை இறுக்கிக் கட்ட வேண்டாம். தாய்ப்பால் குழந்தைக்கு அமுதம்தான், கீறல் விழுந்த கருவிழிக்கு அன்று. நாக்கால் தூசி எடுக்கும் ஆத்தாக்கள் சில ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் கைராசியைக் குறை சொல்லவில்லை, ஆனால் வாய்க்குள் இருக்கும் கிருமிகள் கண்ணுக்குள் போகக்கூடாது. சொட்டு மருந்துப் புட்டியில் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசோலோன், பீட்டாமெதசோன் என்ற பெயர்களுள் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு என்று அறிந்துகொள்ளுங்கள். மருத்துவர் கண்காணிப்பில் அது அருமையான மருந்து. தானாக வாங்கி மாதக்கணக்கில் விட்டவர்களுக்குக் கண் நீர் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடுவதும் கண்புரை வருவதும் உண்டு.

தடுப்பதற்கு எளிய வழி, இரு சக்கர வாகனம் ஓட்டுவோர் போடும் நிறமற்ற கண்ணாடி. வியர்வையில் மங்குகிறது என்று ஆட்கள் கழற்றி வைத்துவிடுவது எனக்குத் தெரியும். என் சொந்தத் தோட்டத்திலேயே அதுதான் நடக்கிறது. இருந்தாலும் சோகை உரிக்கும் நாளிலும் தட்டு அறுக்கும் நாளிலுமாவது போடச் சொல்லுங்கள்.

கேள்வி: லேத்துப் பட்டறையில் கிரைண்டிங் செய்யும்போது கண்ணில் இரும்புத் துகள் விழுந்தால், பக்கத்து மெஷின்காரர் கைக்குட்டை முனையால் எடுத்துவிடுவார். பத்து முறையாவது எடுத்திருப்பார். இதில் ஆபத்து உண்டா? (தொழிலாளி, கணபதி, கோவை)

பதில்: இமையின் உட்புறம் ஒட்டிய தூசியைத் தண்ணீரில் கழுவி எடுக்கலாம். கருவிழியில் பதிந்த இரும்பைக் கைக்குட்டையால் எடுக்க முயன்றால் மேல் துண்டு வந்துவிடும். ஒரு நாளைக்குள்ளாகவே துருப்பிடித்த வளையம் ஒன்று கருவிழியில் தங்கிவிடும். அதையும் சேர்த்துச் சுரண்டி எடுத்தால்தான் ஆறும். சுத்தியலால் உளியையோ இரும்பையோ அடிக்கும்போது "சுருக்" என்று பட்டிருந்தால் அது வேறு கதை. துகள் கண்ணைத் துளைத்து உள்ளே போயிருக்கலாம். வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாது. அப்போது கழுவவோ அழுத்தவோ வேண்டாம், உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரும்பு பட்டதை அங்கே சொல்லுங்கள். கண்ணுக்குள் இரும்பு இருக்கக்கூடிய ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. என்னும் காந்த ஸ்கேன் எடுப்பது ஆபத்து என்பதால் இந்தத் தகவல் முக்கியம். வெல்டிங் வெளிச்சத்தை வெறுங்கண்ணால் பார்த்தவருக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து, அதாவது நடுச்சாமத்தில், வலி தொடங்கும்; ஓரிரு நாளில் ஆறிவிடும். மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப விடாதீர்கள், அது புண்ணை ஆறவிடாது.

கேள்வி: எட்டு வயது மகனுக்குக் கிட்டப்பார்வை என்று கண்ணாடி எழுதியிருக்கிறார்கள். தினமும் கேரட்டும் பொன்னாங்கண்ணிக் கீரையும் கொடுத்தால் கண்ணாடியைக் கழற்றிவிடலாமா? (தாய், ஈரோடு)

பதில்: முடியாது. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண் உருண்டை சற்று நீளமாக வளர்ந்துவிட்டதன் விளைவு. கேரட்டால் அதைக் குட்டையாக்க இயலாது. வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் நோய்க்கும் இதற்கும் தொடர்பில்லை. அதைத் தடுக்கத்தான் ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி ஐந்து வயதுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கிறது. கீரை கொடுங்கள், நல்லது. நம் பக்கத்து முருங்கைக்கீரையும் பப்பாளியும் எதற்கும் குறைந்தவை அல்ல. சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் சத்து உடலில் சேரும். ஆனால் கண்ணாடி கண்ணாடிதான். போட்டால் பவர் ஏறும் என்பது பயமே தவிர உண்மை இல்லை. பவர் ஏறும் வேகத்தைக் குறைக்க நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: நாள்தோறும் இரண்டு மணி நேரம் பையன் வெட்டவெளியில் விளையாடட்டும். வீட்டுக் கூடத்தில் ஓடுவது கணக்கில் வராது; வேண்டியது பகல் வெளிச்சம். ஆண்டுக்கு ஒருமுறையாவது பவரைச் சரிபாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு பாக்கெட் வாங்கி வைக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அதைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். குழந்தை அழுத்திப் பிதுக்கும்போது சுண்ணாம்பு பீறிட்டுக் கண்ணில் தெறிக்கும். சுண்ணாம்பின் காரத்தன்மை கருவிழியை வேகவைத்துவிடும். தெறித்தால் குழாயடியிலேயே அரை மணி நேரம் இமையை விலக்கிக் கழுவுங்கள், கட்டிகட்டியாக ஒட்டியிருப்பதையும் துணியால் நீக்குங்கள், அதன்பிறகு வண்டியைத் தேடுங்கள்.

கேள்வி: ஆடிக் காற்றில் கண் எரிகிறது. சாலையோரம் விற்கும் கறுப்புக் கண்ணாடி போதுமா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும் புழுதியும் படாமல் காக்க எந்தக் கண்ணாடியும் உதவும். வெயிலுக்கு என்றால் யு.வி.400 என்ற குறியீடு உண்மையாகவே உள்ளதை ஒரு கண்ணாடிக் கடையில் வாங்குங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத வெறும் கறுப்புக் கண்ணாடி, கண்மணியை (கண்ணின் நடுவிலுள்ள கரிய துளையை) விரியச் செய்து கதிரை அதிகமாக உள்ளே விடக்கூடும்.

கேள்வி: 'மெட்ராஸ் ஐ' வந்தவரைப் பார்த்தாலே தொற்றுமா? (மாணவி, கரூர்)

பதில்: பார்வையால் தொற்றாது. அவர் கண்ணைத் தொட்ட கையும், துடைத்த துண்டும், படுத்த தலையணையும்தான் தொற்ற வைக்கின்றன.

கேள்வி: லாரி ஓட்டுகிறேன், வயது 46. ஆறு வருடமாகச் சர்க்கரை. இரவில் எதிர் வண்டி வெளிச்சம் கூசுகிறது. பில் படிக்கச் சந்தையில் ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்கொண்டேன். மற்றபடி பார்வை தெளிவு. பரிசோதனை அவசியமா? (ஓட்டுநர், சங்ககிரி)

பதில்: அவசியம். படிப்பதற்குக் கண்ணாடி தேவைப்படுவது நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வரும் வெள்ளெழுத்து. அதற்குச் சந்தைக் கண்ணாடி கேடு செய்வதில்லை. ஆனால் அதில் இரு கண்ணுக்கும் ஒரே பவர்தான் இருக்கும், பலருக்கு அது பொருந்தாது. தவிர, கண்ணாடி கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் மருத்துவரைப் பார்க்காமல் விட்டுவிடுவதுதான் பெரிய தீங்கு. வெளிச்சம் கூசுவது கண்புரையின் தொடக்கமாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது சற்று முன்னதாகவே வரும். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது, அறுவைச் சிகிச்சை ஒன்றே வழி. நன்றாக முற்றட்டும் என்று காத்திருக்கவும் இப்போது தேவையில்லை. தெளிவாகத் தெரிகிறது என்று நீங்கள் சொல்வதுதான் எனக்குக் கவலை. சர்க்கரையால் விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியபின்னும் நெடுநாள் பார்வை தெளிவாகவே இருக்கும். கண் நீர் அழுத்த நோயும் அப்படியே, ஓரங்களை ஓசையின்றித் தின்றுவிட்டுக் கடைசியில்தான் நடுப்பார்வைக்கு வரும். ஆகையால் ஆண்டுக்கொரு முறை கண்மணியை விரியச் செய்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள், கண் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டபின் நான்கைந்து மணி நேரம் கிட்டத்தில் மங்கலாகவும் வெளிச்சத்தில் கூச்சமாகவும் இருக்கும். அன்றைக்கு லோடு எடுக்காதீர்கள், மருத்துவமனைக்குப் பஸ்ஸில் வாருங்கள்.