ஹெர்பிஸ் வைரஸ் ஜீன்கள்: எது முதலில், எது பிறகு? (கேள்வி பதில்)

மேடம், செல்லுக்குள் போன ஹெர்பிஸ் வைரஸ் எல்லா ஜீன்களையும் ஒரே நேரத்தில் இயக்குமா?

இல்லை, வரிசை உண்டு. ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் 1 என்ற வகையின் ஏறத்தாழ 80 ஜீன்கள் உடனடிக் கட்டம், முன்கட்டம், பின்கட்டம் என்று மூன்று கட்டமாக இயங்கும். 1974-இல் ஹோனஸ், ராய்ஸ்மன் என்ற ஆய்வாளர்கள் இதை எடுத்துக்காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. சைக்ளோஹெக்சிமைடு கொடுத்துச் செல்லின் புரத உற்பத்தியை நிறுத்திவிட்டு வைரஸை ஏற்றினால், உடனடிக் கட்ட எம்.ஆர்.என்.ஏ (புரதம் செய்ய ஜீனிலிருந்து படியெடுத்த செய்தி) மட்டும்தான் சேரும். மருந்தைக் கழுவியதும் அவற்றின் புரதங்கள் உருவாகி, அடுத்த கட்டம் தொடங்கும். ஒரு கட்டத்தின் புரதம்தான் அடுத்த கட்டத்தைத் திறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

அப்படியென்றால் முதல் ஜீனைத் திறப்பது எது? அப்போது வைரஸ் புரதமே இருக்காதே?

நல்ல கேள்வி. இருக்கிறது, வைரஸ் துகளோடு கூடவே வருகிறது! வி.பி.16 என்பது அதன் பெயர். அது செல்லின் ஆக்ட்-1, எச்.சி.எஃப்-1 புரதங்களோடு சேர்ந்து உடனடிக் கட்ட ஜீன்களின் முகப்பில் உட்கார்ந்துகொள்ளும். படியெடுக்கும் வேலையைச் செய்வது செல்லின் சொந்த ஆர்.என்.ஏ பாலிமரேஸ் 2. அப்புறம் பிறக்கும் புரதங்களில் ஐ.சி.பி.4 இல்லாவிட்டால் அடுத்த கட்டத்துக்கு நகரவே முடியாது. அவற்றில் இன்னொன்றான ஐ.சி.பி.0, வைரஸ் டி.என்.ஏ-வை அடக்கப் பார்க்கும் செல்லின் பி.எம்.எல் புரதத்தை அழிக்க வைக்கிறது.

செல்லின் எம்.ஆர்.என்.ஏ என்ன ஆகும்?

துகளோடு வரும் இன்னொரு புரதமான வி.எச்.எஸ் அதை வெட்டித் தள்ளும். வைரஸின் எம்.ஆர்.என்.ஏ-வையும் அது விடாது. ஆரம்பத்தில் வைரஸுக்கு இதுவும் நல்லதுதான்: பழைய கட்டத்தின் செய்திகள் சீக்கிரம் மறைந்து புதியவற்றுக்கு வழி கிடைக்கும். ஆனால் கடைசிவரை வெட்டிக்கொண்டே இருந்தால் வைரஸுக்கே ஆபத்து. அப்போது புதிதாக உருவான வி.பி.16 அதைப் பிடித்து அடக்குகிறது. முதல் ஜீனைத் திறந்த அதே புரதம்!

ஹெர்பிஸுக்குக் கொடுக்கும் அசைக்ளோவிர் மருந்து இதில் எங்கே வருகிறது, மேடம்?

முன்கட்ட ஜீன் ஒன்று தரும் தைமிடின் கைனேஸ் என்ற நொதிதான் அந்த மருந்தைச் செயல்பட வைக்கும் முதல் படியைச் செய்கிறது. அதனால் வைரஸ் டி.என்.ஏ பெருகுவது நிற்கும். பின்கட்ட ஜீன்களில் பலவற்றுக்கு டி.என்.ஏ பெருகியே ஆக வேண்டும், ஆகவே அவையும் அடங்கிவிடும்.

அதே ஹெர்பிஸ் குடும்பத்து எப்ஸ்டீன்-பார் வைரஸிலும் இதே கதையா?

வரிசை அதேதான், திறக்கும் புரதம் வேறு. அங்கே செல்லுக்குள் உறங்கிக் கிடக்கும் வைரஸை எழுப்புவது இசட்-டா என்ற புரதம். மீத்தைல் குழுக்கள் ஒட்டி அடங்கிக் கிடக்கும் வைரஸ் டி.என்.ஏ-வையும் அந்தப் புரதத்தால் பிடித்துக்கொள்ள முடியும்.